நாற்பதாயிரம் தையலுக்கு மேல்

பிளாப்பி கைக்கு வந்ததும் ரெஜினா அதை உடனே மிஷினில் செருக மாட்டாள். முதலில் அதன் தகர மூடியைக் கட்டைவிரல் நகத்தால் ஒருபக்கம் தள்ளி, பட்டென்று விடுவாள். இரண்டு தடவை. உள்ளே தெரிகிற கறுப்புத் தகட்டின்மேல் மெல்ல ஊதுவாள். அதுவரை செய்வது தூசிக்காக. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, பிளாப்பியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து மேலே ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்ப்பாள். ‘கிளி 1/2’ என்று பென்சிலால் எழுதியிருக்கும். அது எல்லாருக்கும் தெரிகிற எழுத்து. சாய்த்துப் பிடித்தால், ரப்பரால் அழித்த பழைய எழுத்துகளின் பள்ளம் அடியில் தெரியும். ‘மாங்கா 2/2.’ அதற்கும் அடியில் ‘தாமரை.’ அதற்கும் கீழே எதுவென்று சொல்ல முடியாத ஒரு சுழி. பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதுகிற கை. அந்தப் பள்ளங்களைப் பார்த்து முடித்தபிறகுதான் பிளாப்பி மிஷினுக்குள் போகும்.

மிஷின், கடைவீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஒற்றைத் தலை, ஒன்பது ஊசி. திருப்பூரில் யாரோ ஓட்டிக் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷினை, ஜாக்கெட் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த சுப்புராயன் இரண்டாயிரத்து மூன்றில் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். விருத்தாசலத்தில் அப்போது வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அதை ஓட்ட நடுங்காத கையுள்ள ஆள் வேண்டுமென்று அவர் கேட்டபோது, எல்லாரும் சொன்ன பெயர் ரெஜினா. பத்து வருஷம் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதியவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் புருவம் போடுவாள். அவளுடைய யூனிட்காரர் பொம்மையை விட்டுவிட்டு ஃபியூஸ் கேரியர் போட ஆரம்பித்திருந்தார். ஃபியூஸ் கேரியருக்குக் கண் எழுத வேண்டியதில்லை.

மிஷினுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறவன் ஆன்றோ. அவனும் ரெஜினா போகிற மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன்தான். கோயிலில் ஆண்கள் பக்கத்துத் தூணை ஒட்டி நிற்பான், ரெஜினா பார்த்திருக்கிறாள். பாண்டிச்சேரியில் ஒரு டிசைன் ஆபீசில் வேலை. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு வருவான், பெட்டியை வீட்டில்கூட வைக்காமல் மாடியேறி வந்து பிளாப்பியைக் கொடுப்பான்.

முதல் டிசைன் ஒரு மயில். கல்யாணப் புடவையின் முந்தானைக்கு. ஐம்பத்தெட்டாயிரம் தையல். ரெஜினா பிளாப்பியைச் செருகி பட்டனை அழுத்தியதும் சின்னத் திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்து, மிஷின் மூன்று தடவை கீச்சிட்டு நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடி கீச்சிட்டது.

“என்னாங்க, மயில புடிக்கலியா இதுக்கு?” என்றாள்.

ஆன்றோ குனிந்து திரையைப் படித்தான். “அளவுக்கு மேல இருக்குதாம். இவ்ளோ தையல் தாங்காதுங்குது. நான் மெக்கானிக்குக்கு போன் போட்டுக் கேட்டுட்டு வரேன்.”

அடுத்த சனிக்கிழமை வந்தவன், “நாப்பதாயிரம்தான் இதோட அளவு. அதுக்கு மேல போனா வெட்டித்தான் போடணும்” என்றான். கையிலிருந்த பிளாப்பியில் ‘மயில் 1/2’ என்று எழுதியிருந்தது.

“ரெண்டாவது எங்க?”

“மொதல்ல இது எப்படி வுழுதுன்னு பாக்கணும். துணி இழுக்கும் இல்ல? அதப் பாத்து அளவெடுத்துட்டுப் போனாத்தான் மிச்சத்த சரியா போட முடியும். அடுத்த வாரம் கொண்டாரேன்.”

மயிலின் தலையும் கழுத்தும் அன்றைக்குத் தைத்து முடிந்தது. தோகை ஒரு வாரம் கழித்து வந்தது.

வெட்டுவது என்றால் கத்தரிக்கோலால் வெட்டுவதல்ல. ஒரு நிறம் முடிந்து ஊசி எப்படியும் மேலே எழப்போகிற இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். அந்த இணைப்பின்மேல் பின்னால் ஓர் இலையோ இறகோ வந்து மூடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ஆன்றோவின் வேலை. ஆனால் மிஷினுக்கு ஒரு குணம் இருந்தது. எந்தப் பகுதியைக் கொடுத்தாலும் அதையே முழு டிசைன் என்று நம்பி, அதன் நடுவைத் துணியின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடும். தோகையைக் கொடுத்தால் கழுத்தின்மேலேயே தைத்துவைக்கும். அதற்காக ஆன்றோ ஒரு வழி செய்திருந்தான். முழு டிசைனுக்கு நான்கு மூலைகள் எங்கே வருமோ அங்கே ஒவ்வொரு பகுதியிலும் இரண்டிரண்டு தையல். ரெஜினா அதற்கு மூலைத் தையல் என்று பேர் வைத்தாள். இரண்டாம் பகுதி ஓடத் தொடங்கும்போது முதலில் நான்கு மூலைக்கும் ஊசி போகும். பழைய மூலைத் தையலின் அதே ஓட்டையில் விழுந்தால் எல்லாம் சரி. விழாவிட்டால் நிறுத்தி, நகர்த்தி, மறுபடி. கடைசிப் பகுதியும் முடிந்தபிறகுதான் மூலைத் தையலைப் பிரித்தெடுத்து, நகத்தால் அந்த இடத்தைத் தேய்த்துவிட வேண்டும். அதுவரை துணியை ஃப்ரேமிலிருந்து கழற்றக் கூடாது.

ஆகவே பெரிய டிசைன் வந்தால் ஒரு வாரம் முழுக்கப் பாதி மயிலோ பாதிக் கிளியோ மிஷினில் மாட்டியபடி காத்திருக்கும். சுப்புராயனுக்கு வயிறு எரியும்.

“ஏம்மா, ஒரு வாரமா மிஷினு இந்தத் துணியக் கட்டிப்புடிச்சிக்கினு நிக்குது. ஸ்கூலு பேட்ஜு ஐந்நூறு கெடக்குது. கழட்டிட்டு திரும்ப மாட்டக்கூடாதா?”

“மாட்டலாம் மொதலாளி. மயிலு தல ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம் போவும். பரவால்லியா?”

“வாணாம்மா, வாணாம். நிக்கட்டும்.”

மிஷினின் வயிற்றில் முன்னிருந்த முதலாளியின் டிசைன்கள் அறுபது கிடந்தன. வேலையில்லாத நேரத்தில் ரெஜினா அவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். யானை, நங்கூரம், யாரோ ஒருவருடைய கம்பெனி எழுத்து. ஒருநாள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆன்றோ வந்துவிட்டான். “அது இருக்கட்டும். அதுல கைய வெக்காதீங்க” என்றான். அவள் வைக்கவில்லை.

அளவெடுக்கிற அந்த அரைமணி நேரம்தான் ரெஜினாவின் வாரம். அவன் இரும்பு ஸ்கேலை ஒரு முனையில் வைப்பான். மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். “அரை மில்லி கீழ.” “இப்ப?” “இன்னும் கொஞ்சம்.” “இப்ப?” “ம்.” இவ்வளவுதான் பேச்சு. ஸ்கேலின் நீளம் ஆறு அங்குலம். அதைவிடப் பெரிய ஸ்கேல் கடையில் இருந்தது. இரண்டு பேருமே அதை எடுத்ததில்லை.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. அவளுக்கு முப்பத்தொன்று முடிந்தது.

இரண்டாயிரத்து ஆறு ஆகஸ்டில் கோயிலிலிருந்து மாதா மேலாடை வேலை வந்தது. செப்டம்பர் எட்டு தேர்பவனிக்குச் சொரூபத்துக்குப் போர்த்துகிற நீல சாட்டின். முதுகுப் பக்கம் முழுக்க அல்லி மலரும் நட்சத்திரமும். ஒரு லட்சத்துப் பதினோராயிரம் தையல். மூன்றாக வெட்டினால்தான் மிஷின் ஏற்கும்.

அதே மாதத்தில் இரண்டு சேதிகள் வந்தன. ஆன்றோவுக்கு ஷார்ஜாவில் எம்பிராய்டரி கம்பெனி ஒன்றில் வேலை, விசா கிடைத்துவிட்டது. திருவிழா முடிந்து போகலாம் என்று இருக்கிறான். இது ஒன்று. சேத்தியாத்தோப்பிலிருந்து ஜூடு என்கிற சைக்கிள் கடைக்காரர் வீட்டில் ரெஜினாவைப் பெண் கேட்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. அவளுடைய அம்மா அன்னமேரி இரண்டாவது சேதியை முந்தானையில் முடிந்துகொண்டு அலைந்தாள்.

“நல்ல புள்ளையாம்டி. குடிக்கறதில்லியாம். தேரு முடிஞ்ச மறுநாளு வரேன்னுட்டாங்க. என்னா சொல்லட்டும்?”

“தேரு முடியட்டும்மா.”

“மூணு வருசமா ஒவ்வொருத்தன் வரும்போதும் எதையாச்சும் முடியட்டுங்கற. இந்தத் தேரோட முடிஞ்சிது. அதுக்கு மேல நான் யாருக்கும் வாய்தா கேக்க மாட்டேன்.”

அம்மா சொல்வதில் தப்பில்லை என்று ரெஜினாவுக்குத் தெரியும். அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அவன் சொன்னால் போதும். அவன் சொல்லமாட்டான் என்றால் அவளே சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்றும் பலநாள் யோசித்து, பெரிய பேச்செல்லாம் கழித்துவிட்டு, ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டாள்: ‘நீங்க வர்ற வரைக்கும் நான் இருக்கேன்.’ அவ்வளவுதான். ஸ்கேலைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

முதல் சனிக்கிழமை ‘மாதா 1/3’ வந்தது. தைத்தார்கள், அளந்தார்கள். அவள் சொல்லவில்லை. இரண்டாவது சனிக்கிழமை ‘மாதா 2/3.’ தைத்தார்கள், அளந்தார்கள். அவன் குனிந்து அளவைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தபோது அவள் வாயைத் திறந்தேவிட்டாள். “ஆன்றோ…”

“சொல்லுங்க.”

“நீல நூலு தீர்ந்துபோச்சி. அடுத்த வாட்டி வரும்போது பாண்டியில வாங்கியாருங்க.”

“சரிங்க.”

ஷெல்ஃபில் நீல நூல் நான்கு கண்டு இருந்தது. அவன் போனபிறகு அவற்றை எடுத்துத் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

இன்னும் ஒரு சனிக்கிழமைதான் பாக்கி. மூன்றாவது பகுதி வந்து தைத்தால் வேலை முடிந்தது. அளவெடுக்க ஒன்றும் இருக்காது. வியாழக்கிழமை மத்தியானம் சுப்புராயன் சாப்பிடப் போயிருந்தார். ரெஜினா மிஷின் முன்னால் உட்கார்ந்து பாதி மேலாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நூல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். மேல் இடது மூலைத் தையலுக்கடியில் அதன் முனையை விட்டு மெல்ல நிமிர்த்தினாள். நூல் விட்டது. அடுத்த மூலை. அடுத்தது. நான்கையும் பிரித்தெடுத்து, அந்த இடங்களை நகத்தால் பளபளவென்று தேய்த்துவிட்டாள்.

எப்படியும் கடைசியில் செய்கிற வேலைதான். ஒரு பகுதி முன்னாடியே செய்துவிட்டாள், அவ்வளவுதான். மூலை இல்லாமல் மூன்றாம் பகுதியை எங்கே வைப்பது? அவன் மறுபடி எல்லாம் அளந்து, பாண்டிக்குப் போய்ப் புதிதாகப் போட்டு, திருவிழாவுக்கு முன்னால் புதன்கிழமை இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும். அந்த ஒரு தடவை போதும் அவளுக்கு.

சனிக்கிழமை அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். நீல நூல் ஐந்து கண்டும் பிளாப்பியும் கொடுத்தான். ரெஜினா மூடியை இரண்டு தடவை தள்ளி விட்டாள். ஊதினாள். ஜன்னல் பக்கம் சாய்த்தாள். ‘மாதா 3/3’ என்று பேனாவால் எழுதியிருந்தது. புது லேபிள். எவ்வளவு சாய்த்தாலும் அடியில் ஒன்றும் இல்லை.

“பிளாப்பி புதுசா?”

“ஆமாங்க. திரும்பக் குடுக்க வாணாம். நீங்களே வெச்சிக்குங்க.” பெட்டியைக் கீழே வைத்தான். “டிக்கெட்டு வந்துடுச்சி. செவ்வாக்கெழமையே கெளம்பச் சொல்றாங்க.”

“தேரு?”

“பாக்க முடியாதுங்க.”

ரெஜினா நூல் கண்டுகளை ஷெல்ஃபில் ஒன்று, இரண்டு என்று நிற்கவைத்தாள். அதற்குள் அவன் ஃப்ரேமின்மேல் குனிந்திருந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

“மூலைத் தையல் எங்க?”

“பிரிச்சிட்டேன்.”

“பிரிச்சிட்டீங்களா?”

“முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிட்டேன்.”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். “மூணு வருசத்துல ஒரு வாட்டிகூட நீங்க இப்படிப் பண்ணதில்லியே.”

அவள் ஐந்தாவது கண்டை வைத்தாள். அவன் இன்னும் ஏதோ கேட்கப் போகிறான் என்று தோன்றியது. கேட்டால் சொல்லிவிடலாம். அவன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “டார்ச்சு இருக்குதா?” என்றான்.

அடியில் பாபின் மாற்றும்போது பார்ப்பதற்கு அவள் ஒரு சின்ன டார்ச் வைத்திருந்தாள்.

“துணிக்கு அடியில புடிங்க. சாட்டினுல ஊசி போன எடம் லேசுல மூடாது. எவ்ளோ தேச்சாலும் தெரியும்.”

அவள் தரையில் மண்டியிட்டு, ஃப்ரேமுக்கு அடியில் கையை நீட்டி, டார்ச்சை மேல்நோக்கிப் பிடித்தாள். மேலே அவன் முகம் துணிக்கு அந்தப் பக்கம் இருந்தது. நீலத்தினூடே அவனுடைய நிழல் மட்டும் தெரிந்தது. அவன் விரல்நுனி துணியைத் தடவிக்கொண்டு வருவது அடியிலிருந்து சின்னப் பள்ளமாக நகர்ந்தது.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்.”

நகர்த்தினாள்.

“மேல.”

அவள் கையைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கலாம். வெளிச்சத்தை அரை அங்குலம் தள்ளிப் பிடித்திருந்தால் அவன் கண்ணுக்கு ஒன்றும் பட்டிருக்காது. பொம்மைக்குக் கண் எழுதிய கை அது. எங்கே பிடிக்கச் சொன்னானோ அங்கேயே நின்றது.

“ஒண்ணு கெடச்சிடுச்சி” என்றான் ஆன்றோ. சாக்பீஸால் புள்ளி வைத்தான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை. இரண்டாவது மூலைக்கு வெகுநேரம் ஆனது. அதுவும் கிடைத்தது. மூன்றாவது, நான்காவது. ஊசி முனை அளவுக்கு நான்கு வெளிச்சங்கள்.

மிஷின் ஓடத் தொடங்கியது. ஒன்பது ஊசியில் ஒன்று மாறி ஒன்று இறங்க, முக்கால் மணி நேரம் அறையில் வேறு எதுவும் காதில் விழாது. அந்தச் சத்தத்துக்குள் ரெஜினா தான் வைத்திருந்த வார்த்தைகளை உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். சத்தம் நின்றதும் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். கடைசி நட்சத்திரத்தின் கடைசி முனையில் ஊசி எழுந்து, மிஷின் நின்றது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுப்புராயன் ஒரு கையில் டீ வாளியும் மறுகையில் வடைப் பொட்டலமுமாக வந்து நின்றார்.

“மாதா எறங்கிட்டாளா மிஷின வுட்டு? அப்பாடா! பேட்ஜுக்காரன் இனிமே என்னைத் திட்ட மாட்டான். ஆன்றோ, வெளிநாடு போறியாமே. அங்கல்லாம் மிஷினு நாப்பது தல வெச்சிருக்குமாம். ராவணன் வூட்டுக் கல்யாணந்தான் போ. சாப்புடு, வட சூடா இருக்குது.”

ஆன்றோ வடையைப் பிட்டான். சாப்பிடவில்லை. சுப்புராயன் ஷார்ஜாவில் தன் மச்சான் ஏமாந்த கதையைச் சொன்னார். அவன் “ம், ம்” என்றான். எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, இரும்பு ஸ்கேலை மேஜைமேல் வைத்தான்.

“இது கடையிலயே இருக்கட்டும்.”

“ம்.”

“போயிட்டு வரேங்க.”

“பாத்துப் போங்க” என்றாள் ரெஜினா.

தேர்பவனியில் மேலாடையைப் பார்த்து எல்லாரும் ஒரே துணி, ஒரே தையல் என்று நினைத்தார்கள். இணைப்பு இருக்கிற இடம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மறுநாள் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தார்கள். ஜனவரியில் கல்யாணம் நடந்தது.

ஜூடு நல்லவர். அன்னமேரி விசாரித்தது சரியாகத்தான் இருந்தது. அவர் வேலையை விடச் சொல்லவில்லை. காலையில் சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறி, கம்மாபுரத்தைத் தாண்டி விருத்தாசலத்துக்கு வந்து, சாயங்காலம் திரும்பிப் போவாள். பஸ் நிற்கிற இடத்தில் டி.வி.எஸ். வண்டியோடு ஜூடு காத்திருப்பார். வண்டியில் ஏறினதும், “இன்னிக்கு எத்தினி தையல்?” என்று கேட்பார். அவளும் சொல்வாள். பெரிய டிசைன் இப்போது தபாலில் வேறு ஆளிடமிருந்து வந்தது. இரண்டு பகுதியும் ஒரே பிளாப்பியில் இருக்கும். மூலைத் தையல் வைக்க வேண்டும் என்று ரெஜினாவே போனில் சொல்லிக்கொடுத்திருந்தாள். யாரும் நேரில் வந்து அளப்பதில்லை. அளக்காமலேயே ஓரளவுக்குச் சரியாகத்தான் விழுந்தது.

அந்த வருஷம் ஆகஸ்டில் மிஷினுக்குள் நூல் அறுக்கிற கத்தி பழுதானது. மெக்கானிக் நடேஷ் சேலத்திலிருந்து வந்து மிஷினைத் திறந்து சரிசெய்தார். மூடிவிட்டுத் திரையைத் தட்டிப் பார்த்தவர், “என்னம்மா இது, பழைய முதலாளியோட டிசைன் அறுபதும் அப்படியே கெடக்குது? யாரும் அழிக்கலியா?” என்றார்.

“அதுல கைய வெக்கக் கூடாதுன்னாங்களே.”

“யாரு சொன்னா? இதுதான் எடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது.” அவர் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்தார். யானை போனது. நங்கூரம் போனது. “இப்பப் பாருங்க. ரெண்டு லட்சம் தையலு ஒரே மூச்சுல போடும். வெட்டவே வேணாம்.”

ரெஜினா திரையைப் பார்த்தாள். காலி இடத்துக்கு நேராக இருந்த எண் உண்மையாகவே ஏறியிருந்தது.

“எங்களுக்குத் தெரியாதுங்க” என்றாள்.

“உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். உங்க டிசைன்காரருக்குத் தெரியுமே. பாண்டிச்சேரி பையன், என்ன பேரு, ஆன்றோ. மிஷின் வந்த புதுசுல எனக்கு போன் பண்ணாரு, மயில் டிசைன் ஏறல அண்ணேன்னு. அறுபதையும் அழிச்சிடு தம்பி, ரெண்டு நிமிஷ வேலைன்னு சொன்னேன். அப்படியாண்ணேன்னு கேட்டுக்கிட்டாரு. அப்புறம், இருக்கட்டும் அண்ணே, நான் பாத்துக்கறேன்னு வெச்சிட்டாரு.”

அந்த போன் வந்தது, ‘மயில் 1/2’ என்று பென்சிலால் எழுதிய பிளாப்பி மாடியேறி வருவதற்கு மூன்று நாள் முன்னால்.